அந்த மனுவை எழுதியது யார்?

வணிகர் சங்கத்தின் மாத இதழில் நான் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை, ரிப்பன் வெட்டும் படங்களுக்குக் கீழே பெயர் எழுதுவது. இடமிருந்து வலமாக. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஒரு படத்தில் பதினான்கு பேர் நிற்பார்கள். பதினான்கு பெயரும் வர வேண்டும், இனிஷியல் தப்பக் கூடாது, பதவி விடுபடக் கூடாது. முன்னாள் தலைவரை ‘முன்னாள்’ என்று போட்டால் அவருக்கு வருத்தம், போடாவிட்டால் இந்நாள் தலைவருக்கு வருத்தம். ஒருமுறை பின்வரிசையில் பாதி முகம் மட்டும் தெரிந்த ஒருவரின் பெயர் விட்டுப்போனது. இதழ் வெளிவந்த நாளின் முதல் தொலைபேசி அழைப்பே அவருடையதுதான். அந்தப் பாதி முகத்துக்காக அடுத்த மாதம் ஒரு பெட்டிச் செய்தி போட்டுச் சமாதானம் செய்தோம்.

அப்போது எரிச்சலாக இருந்தது. இந்த வேலையின் சிக்கல் முழுவதும் அந்தப் படத்துக்குள்ளேயே இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. நாம் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்தான் நம் வாசகர். அவரேதான் விளம்பரதாரர். நமக்குச் சம்பளம் போடும் குழுவில் உட்கார்ந்திருப்பவரும் பல நேரம் அவர்தான். பெரிய நாளிதழின் நிருபர் ஓர் அமைச்சரைப் பற்றி எழுதிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடலாம். எங்களுக்கு அது முடியாது. எழுதிய மறுநாள் அவர் கடைக்கே போய் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும்.

வருகிற செய்திகளில் பெரும்பாலானவை அவர்களே எழுதி அனுப்பும் குறிப்புகள். புதிய கிளை திறப்பு, ஆண்டு விழா, புதிய நிர்வாகிகள் தேர்வு. கடை திறந்தால் குறிப்பு வரும், மூடினால் வராது. மூடுவது எங்கள் அலுவலகத்தில் விளம்பரப் பிரிவில் இருந்தவருக்குத்தான் முதலில் தெரியும். முழுப் பக்கம் கொடுத்தவர் அரைப் பக்கத்துக்கு இறங்குவார், அரை காலாகும், அப்புறம் “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்பார். அவ்வளவுதான், அந்த நிறுவனத்தின் கதை முடியப் போகிறது. செய்திப் பிரிவில் இருந்த நான் அதற்குள் அவர்களைப் பற்றி ‘வேகமாக வளரும் நிறுவனம்’ என்று ஒரு பத்தி எழுதி முடித்திருப்பேன்.

ஆளுமை அறிமுகக் கட்டுரைகளுக்கு வருகிறேன். இதழில் அதிகம் படிக்கப்பட்ட பகுதி அது. படிக்கப்பட்டது என்பதைவிட வெட்டிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டது என்பது சரியாக இருக்கும். எளிமையானவர், உழைப்பால் உயர்ந்தவர், சமூக அக்கறை கொண்டவர். இந்த மூன்றையும் முன்னே பின்னே மாற்றிப் போட்டே நான் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். ஒரு மாதம் பக்க வடிவமைப்பில் இரண்டு பேருடைய படங்கள் இடம் மாறி அச்சாகிவிட்டன. அந்த இருவரில் ஒருவர் கூப்பிட்டார். தன் பெயருக்கு மேலே இன்னொருவர் முகம் இருப்பதாகச் சொல்லப் போகிறார் என்று நடுங்கிக்கொண்டே எடுத்தேன். அவரோ தன் படம் இருந்த பக்கத்தில் அடுத்தவரைப் பற்றிய கட்டுரையை முழுக்கப் படித்திருந்தார். “தலைப்புல பேருதான் தப்பா விழுந்திருக்கு சார். உள்ள எழுதினதெல்லாம் ரொம்பச் சரியா இருக்கு” என்றார்.

அந்த ஒரு வரியில் நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. அதற்கு ஒரு கழிப்பறை தேவைப்பட்டது.

சந்தைப் பகுதியில் பொதுக் கழிப்பறை கட்டி முடித்தார்கள். சங்கத் தலைவர் நாடாவை வெட்டினார். ஆளுமைப் பகுதிக்கு அவரைப் பற்றியே எழுதச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பேசினோம். நல்ல மனிதர், அலட்டல் இல்லாதவர். ‘தனி ஒருவரின் விடாமுயற்சி’ என்று தலைப்பு வைத்து எழுதினேன். இதழ் வந்த மூன்றாம் நாள் சங்க அலுவலகத்துக்குப் போனபோது, அங்கே எழுத்தராக இருந்த அம்மா மேசையிலிருந்து நிமிராமலே சொன்னார்: “நல்லா எழுதியிருக்கீங்க சார். மனு பதினோரு தடவை போச்சு. அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.”

“எந்த மனு?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, கோப்பு ஒன்றை எடுத்து வைத்தார்.

கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் போட்ட மனு அது. காலையில் வந்தால் இரவு வரை ஒதுங்க இடமில்லை என்று எழுதி, கீழே வரிசையாகக் கையெழுத்து. முதல் மனுவில் ஒன்பது பேர், கடைசி மனுவில் ஒன்றரைப் பக்கத்துக்குப் பெயர்கள். எல்லா மனுக்களும் ஒரே கையெழுத்தில் இருந்தன. அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். சங்க ரசீதுகளில் மாதாமாதம் பார்க்கிற கையெழுத்துதான். பிறகு தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். ‘அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம்’ என்று நான்கு முறை எழுதியிருந்தது. நான்கு கூட்டத்துக்கும் தலைமை வகித்தவர் நான் பாராட்டி எழுதிய அதே தலைவர்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் வில்லன் கதை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அதே புத்தகத்தில், ஐந்தாவது முறை விஷயம் வந்தபோது, தன் கிடங்கின் மூலையிலிருந்து இடம் தர அவர் ஒப்புக்கொண்டதும் பதிவாகியிருந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். ‘கடை வாசலில் அது வேண்டாம்’ என்பதுதான் அவர்கள் வாதம். அவர் அதை மீறித்தான் கொடுத்திருக்கிறார். தள்ளிப்போட்டவரும் அவர்தான், கடைசியில் செய்தவரும் அவர்தான். என் கட்டுரையில் இரண்டுமே இல்லை.

அவரிடமே போனேன். கோபமாகப் பேசவில்லை, ஆனால் குரலில் கொஞ்சம் இருந்திருக்கும். அவர் நிதானமாகக் கேட்டார்: “தம்பி, நான் தனியாச் செஞ்சேன்னு எப்பவாவது சொன்னேனா? நீங்கதானே எழுதினீங்க?” வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். அவர் பேச்சில் எல்லா இடத்திலும் ‘நாங்க’ என்றே இருந்தது. ஓர் இடத்தில் ‘ஆபீஸ் அம்மா விடவே இல்லை’ என்றுகூடச் சொல்லியிருக்கிறார். எழுத உட்கார்ந்தபோது நான்தான் ‘நாங்க’ளை ‘அவர்’ ஆக்கியிருக்கிறேன். ஒருமையில் எழுதினால் கட்டுரை ஓடும். பன்மையில் எழுதினால் தடுக்கும். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

அடுத்த வருடம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு, உலகின் புகழ்பெற்ற வணிகத் தலைவர்கள், நகரத் தொண்டர்கள் பற்றி இடம் நிரப்பக் கட்டுரைகள் வேண்டும் என்றார்கள். அந்தச் சாக்கில்தான் இந்த விஷயத்தைப் பற்றி நிறையப் படித்தேன். முதலில் கண்ணில் பட்டதே ஒரு கழிப்பறைதான். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு தொடங்கியது ரோட்டரி சங்கம். உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிக் கூடியதால்தான் அந்தச் சுழலும் பெயர். அவர்கள் 1907இல் கையிலெடுத்த முதல் பொதுப்பணிகளில் ஒன்று, நகரின் மையத்தில் பொதுக் கழிப்பறை கேட்டது. அதற்கு மதுக்கூடத் தரப்பிலிருந்தும் பெரிய பல்பொருள் அங்காடிகளின் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. எங்களிடம் வசதி இருக்கிறதே, பொதுவில் எதற்கு என்று. அதைப் படித்தபோது எங்கள் தீர்மானப் புத்தகத்தையே மறுபடி படிக்கிற மாதிரி இருந்தது.

பிறகு ஜோசஃப் சேம்பர்லின். 1854இல் பதினெட்டு வயதில் பர்மிங்காமுக்கு வந்து குடும்பப் பங்கு இருந்த திருகாணித் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அந்த நிறுவனம் இங்கிலாந்தில் தயாரான உலோகத் திருகாணிகளில் மூன்றில் இரண்டு பங்கைத் தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1873 முதல் 1876 வரை மேயர். எரிவாயு, குடிநீர் நிறுவனங்களைத் தனியாரிடமிருந்து நகராட்சியே வாங்கிக்கொள்ளச் செய்தார். நகரின் நடுவே இருந்த குடிசைப் பகுதிகளை இடித்து கார்ப்பரேஷன் தெரு என்ற பெரிய கடைவீதி உருவானது. 1880இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். மலருக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று வேகமாக எழுத ஆரம்பித்தேன். பாதியில் நின்றேன். இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்கென்று நகராட்சி கட்டிக்கொடுத்த வீடுகள் மிகக் குறைவு என்று தெரிந்தது. குழாயில் நல்ல தண்ணீர் வந்தது உண்மை. தெருவை விட்டுப் போனவர்கள் இருந்ததும் உண்மை. இரண்டையும் எழுதினேன். மலர்க் குழுவில் ஒருவர், “விழா மலரில் இது எதுக்கு?” என்றார். நீளத்தைக் குறைத்தேன், அந்த வரியை எடுக்கவில்லை.

என்னை அதிகம் குழப்பியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். எங்கள் தொழிலின் மூதாதை என்றே சொல்லலாம்: அச்சகக்காரர், பத்திரிகைக்காரர், ஊர்க்காரியமும் பார்த்தவர். 1731இல் பிலடெல்பியாவில் சந்தா நூலகம், 1736இல் தன்னார்வத் தீயணைப்புக் குழு. நூலகத்துக்கு ஆள் சேர்க்கப் போனபோது, இது தன் யோசனை என்று சொன்னால் மற்றவர்கள் தயங்குவதைக் கவனித்திருக்கிறார். தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, நண்பர்கள் சிலரின் திட்டம் என்று சொல்ல ஆரம்பித்ததும் வேலை நடந்தது என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். பெருமையை இப்போது விட்டுக்கொடுத்தால் பிற்பாடு வட்டியோடு திரும்பி வரும் என்ற கணக்கும் அதே இடத்தில் இருக்கிறது! அதே மனிதர் 1729இல் காகிதப் பணம் வேண்டும் என்று வாதாடித் துண்டுநூல் எழுதினார். பிறகு அந்தப் பணத்தை அச்சடிக்கும் வேலை அவர் அச்சகத்துக்கே வந்தது. நல்ல லாபம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இன்று எங்கள் சங்கத்தில் ஒருவர் இப்படிச் செய்தால் நான் என்ன எழுதுவேன்? பொதுநலமா, சொந்த லாபமா? எனக்கு இப்போது தோன்றுவது, உள்ளூரில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆளிடம், ஒரே காரியத்தில், கலந்தேதான் இருக்கும். கடைத்தெருவில் விளக்கு வேண்டும் என்று போராடுகிறவருக்கு அதே தெருவில் கடை இருக்கும். அதை மறைப்பதும் தப்பு, அதை மட்டுமே சொல்வதும் தப்பு. கடை இருப்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, விளக்கைப் பற்றி எழுதலாம்.

மலர் வேலைக்குப் பிறகு நான் கேட்கும் கேள்விகள் மாறின. ‘உங்கள் சாதனை என்ன’ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அதற்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. எந்தத் தீர்மானத்தில் தோற்றீர்கள் என்று கேட்பேன். உங்களுக்கு முன்னால் இதைத் தொடங்கியவர் யார், கடிதங்களை யார் எழுதினார்கள் என்று கேட்பேன். தோற்ற கதையைச் சொல்லும்போது ஆட்களின் முகம் மாறிவிடும். பேச்சும் மாறும், மேடைத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிடும். முடிந்தவரை பேட்டிக்கு முன்பே தீர்மானப் புத்தகத்தைப் படித்துவிடுவேன். இவ்வளவு சுவாரசியமில்லாத எழுத்தை வேறெங்கும் பார்க்க முடியாது, ஆனால் யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் வரவே இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். அச்சுக்கு முன் எடுக்கும் ப்ரூஃபை மட்டும் யாருக்கும் அனுப்புவதில்லை. அவர் சொன்ன வார்த்தைகளையும் தேதிகளையும் தொலைபேசியில் வாசித்துச் சரிபார்ப்பேன். “அதை எடுத்துடுங்களேன்” என்று அவர்கள் கேட்கும் வரி எது என்று அப்போது தெரியும். பெரும்பாலும் கட்டுரையில் உயிருள்ள ஒரே வரி அதுவாகத்தான் இருக்கும்.

பணம் வாங்கிப் போடும் கட்டுரைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. ‘விளம்பரம்’ என்ற சொல்லை மேலே போட வேண்டும், படிக்கிற அளவில் போட வேண்டும். இதற்காக எங்கள் அலுவலகத்தில் நடந்த சண்டைகளை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

உறுப்பினர்களின் அறைகள் பலவற்றில் ரோட்டரியின் நான்கு கேள்விகள் சட்டம் போட்டுத் தொங்கும். 1932இல் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர், திவாலாகும் நிலையில் இருந்த ஒரு பாத்திர நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவதற்காக எழுதியது. 1943இல் ரோட்டரி ஏற்றுக்கொண்டது. முதல் கேள்வி, இது உண்மையா. இரண்டாவது, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் இது நியாயமா. பேட்டி எடுக்கும்போது, எதிரே இருப்பவர் தலைக்கு மேலே அதைப் படித்துக்கொண்டே இருப்பேன். முதல் கேள்வியில் நான் பெரும்பாலும் தப்பித்துவிடுவேன். கழிப்பறைக் கட்டுரையில்கூட விடாமுயற்சி என்பது பொய்யில்லையே. மாட்டிக்கொள்வது இரண்டாவதில்.

அந்தத் தலைவர் சில வருடங்கள் கழித்து இறந்துபோனார். இரங்கல் குறிப்பு எழுதும் வேலை என்னிடமே வந்தது. பிறந்த தேதியே மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது. ஒரு பகல் அதற்கே போனது. பிறகு கழிப்பறை பற்றி நான்கு வரி எழுதினேன். பெண்கள் பதினோரு முறை மனு கொடுத்தது, அதை எழுதிய எழுத்தரின் பெயர், தலைவர் நான்கு முறை தள்ளிவைத்தது, பிறகு எதிர்ப்பை மீறித் தன் இடத்தைக் கொடுத்தது. எழுத்தர் அம்மாவிடம் முன்கூட்டியே படித்துக் காட்டினேன். “என் பேரு வேணாமே சார்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இனிஷியல் மட்டும் சரியாப் போடுங்க” என்றார்.

இதழ் வந்த அன்று தலைவரின் மகன் கூப்பிட்டார். தள்ளிவைத்த வரியைப் பற்றித்தான் என்று தெரியும். “அப்பா அதைத் தள்ளிப்போட்டது எங்க வீட்லயே யாருக்கும் தெரியாது சார்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், இருநூறு பிரதி கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்டார்.