தாம்புக் கயிற்றில் நீளப் பிணைப்பு: மூன்றாம் முயற்சியில் கப்பிக்குள் ஓடியது

நேற்று மாலை எங்கள் வீட்டுக் கிணற்றின் கப்பியில், நடுவில் இணைத்த தாம்புக் கயிறு ஓரிடத்திலும் தட்டாமல் ஓடி, நிறைந்த வாளியை மேலே கொண்டு வந்தது. இதற்கு முன் இரண்டு முறை தோற்றிருந்ததால், எங்கே தவறினேன் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

இது 14 மி.மீ. தடிப்புள்ள, மூன்று புரிகள் (முறுக்கிய இழைக் கற்றைகள்) சேர்ந்த தென்னைநார்க் கயிறு. கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உரசி உரசி நடுவே ஒரு முழ நீளத்துக்கு நைந்துவிட்டது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டு இரண்டு துண்டுகளையும் முடிச்சிட்டுக் கொள்ளலாம் என்றார்கள் வீட்டில். முடிச்சு கப்பியில் ஏறாது என்பது ஒருபுறம் இருக்க, முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது அதைவிடப் பெரிய குறை. இரு முனைகளின் புரிகளையும் பிரித்து ஒன்றோடொன்று கோத்து இணைப்பதே பிணைப்பு. அதில் ஷார்ட் ஸ்பிளைஸ் எனப்படும் குறும்பிணைப்பு பலத்தை நன்றாகக் காக்கும் என்றாலும், இரு பக்கத்துப் புரிகளும் ஒரே இடத்தில் சேர்வதால் அங்கே கயிறு தடித்துவிடும். ஆகவே லாங் ஸ்பிளைஸ் எனப்படும் நீளப் பிணைப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குக் கயிறு அதிகம் செலவாகும், பலமும் குறும்பிணைப்பைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் தடிப்பு அதிகம் ஏறாது.

சொற்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கயிற்றின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயர்கள் உண்டு. நாரை முறுக்கினால் இழை, இழைகளை முறுக்கினால் புரி, புரிகளை முறுக்கினால் கயிறு, பெருங்கயிறு என்றால் வடம். பேச்சில் புரியைப் ‘பிரி’ என்போம். ஒவ்வொரு படியிலும் முறுக்கு முந்தைய படிக்கு எதிர்த்திசையில் செல்வதால்தான் கயிறு தானாக அவிழாமல் நிற்கிறது. இரண்டு புரிகளுக்கு இடையே ஓடும் பள்ளத்துக்கு மட்டும் எனக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. என் குறிப்பேட்டில் அதை ‘வாய்க்கால்’ என்று எழுதிக்கொண்டேன். அந்த வாய்க்காலைக் காப்பாற்றுவதுதான் இந்த வேலையின் உயிர் என்பது இரண்டு தோல்விகளுக்குப் பிறகே எனக்கு விளங்கியது.

இரு முனைகளையும் பிரித்து, புரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்து நெருக்கிய பின், ஒரு பக்கத்துப் புரியை மேலும் பிரித்துக்கொண்டே போய், அது விட்டுச் செல்லும் வாய்க்காலில் எதிர்ப் பக்கத்துப் புரியைப் படிய வைக்க வேண்டும். முதல் முறை, பழைய புரி, அதாவது பிரித்தெடுக்கும் புரி, முழுவதையும் முன்கூட்டியே பிரித்துவிட்டேன். மிஞ்சிய இரண்டு புரிகளும் ஒன்றோடொன்று ஒட்டி, வாய்க்கால் மூடிக்கொண்டது. புதிய புரி எவ்வளவு அழுத்தியும் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. இரண்டாம் முறை, பழைய புரியைச் சிறிது சிறிதாகப் பிரித்தேன். ஆனால் புதிய புரியை அதன் போக்கில் விட்டதால் அது தன் முறுக்கை இழந்து, நாடாவைப் போலத் தட்டையாகப் படிந்தது. பார்வைக்கு அழகாகவே இருந்தது. சுமையை ஏற்றியதும் மற்ற இரண்டு புரிகளே முழுப் பளுவையும் தாங்க, தளர்ந்த புரி மட்டும் வயிறு தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

மூன்றாம் முறை, வலது கையால் பழைய புரியை அரைச் சுற்று மட்டும் பிரித்து, இடது கைக் கட்டை விரலால் வாய்க்காலின் வாயைப் பிடித்துக்கொண்டு, புதிய புரியை அதன் சொந்த முறுக்கின் திசையில் ஒரு திருகு திருகி இழுத்து உள்ளே படுக்க வைத்தேன். திருகு, இழு, படுக்க வை என்ற வரிசை மாறாமல் அரைச் சுற்று அரைச் சுற்றாகவே போனேன். முறுக்கு சரியாக இருந்தால் புரி வாய்க்காலுக்குள் இறங்கும்போது விரலுக்கு அடியில் ஒரு சிறு அசைவு தெரிகிறது. அது தெரியாத இடங்களிலெல்லாம் பின்னோக்கிப் பிரித்து மறுபடியும் செய்தேன். ஒரு பக்கம் மட்டும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு புரியை இப்படியே மாற்றியபின், மூன்றாவது புரி இணை நடுவிலேயே நின்றது. மூன்று சந்திப்புகளிலும் ஒவ்வோர் அரை முடிச்சு. இந்த முடிச்சை ஒரு திசையில் போட்டால் கயிற்றின் முறுக்கோடு சேர்ந்து பள்ளத்தில் அடங்குகிறது, மறு திசையில் போட்டால் துருத்திக்கொண்டு நிற்கிறது. போட்டுப் பார்த்தே உறுதி செய்துகொண்டேன். பிறகு நுனிகளின் இழைகளைப் பாதியாகக் குறைத்து, ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக மும்மூன்று முறை செருகினேன்.

புரிகளை விலக்க முதலில் கோணி ஊசியைப் பயன்படுத்தினேன். அது புரிக்குள் புகுந்து இழைகளைக் கிழித்ததால், புளியங்கட்டையில் ஒரு சாண் நீளக் கூம்பு முளை கடைந்து வாங்கிக்கொண்டேன். நுனி மழுங்கலாக இருப்பதே அதன் சிறப்பு. தென்னைநார் உலர்ந்திருந்தால் விறைத்துக்கொண்டு கையைக் குத்தும் என்பதால், முனைகளை ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்து பிறகே பிரித்தேன்.

பழகிப் பார்ப்பதற்காக ஒரு கடையில் வாங்கிய கயிறு வெளியே இறுக்கமாகவும் உள்ளே பஞ்சுபோலவும் இருந்தது. பிரித்தவுடன் பாதி நார் தரையில் கொட்டியது. கயிறு வாங்கும்போது நுனியைச் சற்றுப் பிரித்து, ஒவ்வொரு புரியின் உள்முறுக்கையும் பார்த்துவிட வேண்டும். காயலில் (கடலோர உப்பங்கழியில்) ஊறவைத்த பச்சைத் தேங்காய் மட்டையின் வெண்ணாருக்கும், பொள்ளாச்சிப் பக்கம் முற்றிய மட்டையை எந்திரத்தில் அடித்து எடுக்கும் பழுப்பு நாருக்கும் கையில் தெளிவான வேறுபாடு தெரிகிறது. கேரளத்தின் அஞ்சுதெங்கு என்ற ஊரின் பெயரால் வழங்கும் ‘அஞ்செங்கோ’ வெண்ணார் இழையை வரவழைத்து நானே புரி முறுக்கிப் பார்க்க ஆசை. அந்தப் புரி ஒன்றையே மூன்று சுற்றாகத் தன்மேலேயே சுற்றிப் படியவைத்து, முடிச்சில்லாத வளையம் ஒன்றும் செய்ய வேண்டும். அதிலும் இதே வாய்க்கால் வேலைதான் வரும் என்பதால், கை பழகியிருக்கும் இப்போதே தொடங்கிவிட நினைக்கிறேன்.

இப்போதைக்குச் செருகிய நுனிகளை நறுக்கவில்லை; விரலளவு வெளியே விட்டிருக்கிறேன். ஒவ்வொரு நுனியும் வெளிவரும் இடத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டியிருக்கிறேன். நேற்று முன்னிரவு மணல் மூட்டையைத் தொங்கவிட்டபோது நடுச் சந்திப்பின் நுனி ஒரு நெல்லளவு உள்ளே போனது, மற்றவை அசையவில்லை. பத்து நாள் தண்ணீர் இறைத்த பின் நூல்களை மீண்டும் அளந்து பார்த்து, நுனிகளை நறுக்குவேன்.