மயில்கழுத்துப் புடவையும் மாலை வெயிலும்

பெரியம்மாவும் சின்ன அத்தையும் மூன்று நாளாகப் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் சித்தப்பா எடுத்த ரெண்டு போட்டோவால்.

காணும் பொங்கல் சாயங்காலம், தஞ்சாவூர் பெரிய கோயில். ராஜராஜன் வாயிலைத் தாண்டியதுமே "எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்று பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்திவிட்டார் சித்தப்பா. கோயில் கிழக்குப் பார்த்தது. சாயங்காலம் வாசலில் நின்றால் சூரியன் 216 அடி விமானத்துக்குப் பின்னால் இருக்கும். பளீரென்ற வானத்தைப் பார்த்துப் பயந்து கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்; மூஞ்சியெல்லாம் அடுப்புக்கரிதான். அந்தப் படத்தில் மாமாவை வேட்டியை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிகிறது. வாசலிலிருந்து எடுக்க ஆசையென்றால் காலையில் வர வேண்டும். அதற்குச் சித்தப்பா காலையில் எழுந்திருக்க வேண்டும்.

சரியென்று தெற்குப் பிராகாரத்துக்கு நடை. இது நல்ல இடம். ஜனவரியில் சூரியன் தென்மேற்கே சாயும். தெற்கே நின்று வடக்கே பார்த்தால் வெயில் இடப்பக்கமிருந்து குறுக்கே விழும், சிற்பம் ஒவ்வொன்றும் தன் நிழலோடு புடைத்து நிற்கும். லென்ஸுக்கு முன்னால் திருகிவிடுகிற வடிகட்டிக் கண்ணாடி, அதான் போலரைசர், அதை மாட்டினால் சூரியனுக்குக் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் இருக்கிற வானம் திருகத் திருகக் கருநீலமாகும். பாதி திருகினால் போதும். சித்தப்பாவுக்குப் பாதி என்பதே கிடையாது. ஊறுகாய் ஜாடியை மூடுகிற மாதிரி கடைசிவரை திருகினார். அகலமாகப் பிடிக்கிற வைட் லென்ஸில் அப்படிச் செய்தால் வானம் ஒரு பக்கம் மட்டும் கருத்து, சொட்டு நீலம் சரியாகக் கரையாத வேட்டி மாதிரி திட்டாகிவிடும். ஒன்றரை ஸ்டாப், அதாவது மூன்றில் ரெண்டு பங்கு வெளிச்சத்தையும் அந்த ஃபில்டர் விழுங்கும். வெளிச்சத்தை வாங்கும் திறனான ஐஎஸ்ஓவை 100இலேயே விட்டிருந்ததால், ஷட்டர் 1/20 வினாடிக்கு இறங்கி மெதுவாகி, ஓடிக்கொண்டிருந்த குட்டிப்பயல் புகையாகப் பதிவாகியிருக்கிறான். அவனை நேரில் பார்த்தாலும் அப்படித்தான்.

அன்றைக்கு அவர் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: கேமரா நிறத்தைச் சரிக்கட்டுகிற வொயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து டேலைட்டுக்கு, அதாவது பகல் வெளிச்சக் கணக்குக்கு மாற்றினார். ஆட்டோவுக்கு மாலை வெயிலின் மஞ்சள் ஒரு கறை, துடைத்துவிட்டுத்தான் மறுவேலை. டேலைட்டில் வைத்தால் வெயில் வெயிலாக விழும், நிழல் நிழலாக விழும்.

வினையும் அங்கேதான். பெரியம்மா கட்டியிருந்தது மயில்கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகிற பட்டு. குரூப்புக்குப் போன ரெண்டில் முதல் படம் வெயிலில். சாயும் சூரியனில் நீலம் குறைவு, அதனால் நீல இழை மங்கிப் பச்சை தூக்கலாகிவிட்டது. அடுத்த படத்துக்குள் மதில் நிழல் தரையை மூடிவிட்டது. பொங்கல் சமயத்தில் 6.10க்கு அஸ்தமனம், ஐந்தே முக்காலுக்கு விமானத்தின் உச்சி தங்கமாக நிற்கும், கீழே நிற்பவர்கள் மேல் வானத்தின் நீல வெளிச்சம் மட்டும்தான். புடவை அப்படியே நீலமாகிவிட்டது.

ரெண்டையும் குடும்ப குரூப்பில் போட்டார் சித்தப்பா. சின்ன அத்தையிடமிருந்து போன்: "எனக்குச் சீர்ல ஒரு புடவை. அண்ணி கோயிலுக்கே ரெண்டு மாத்திக் கட்டியிருக்காங்க!"

புடவைக் கடையில் ட்யூப்லைட்டை நம்பாமல், வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் பெரியம்மா எதையும் எடுப்பார். டேலைட் என்றால் என்னவென்று அவருக்குச் சித்தப்பாவைவிட நன்றாகவே தெரியும். அந்தப் பழக்கத்தில் வீடியோ கால் போட்டு, "வாசலுக்கு வந்து காட்டறேன், நீயே பாரு" என்று புடவையோடு ஓடினார். மணி ராத்திரி எட்டரை. எங்கள் தெருவில் இன்னும் பழைய சோடியம் விளக்கு. அதன் மஞ்சளில் நீலமும் எழும்பாது, பச்சையும் எழும்பாது. புடவை காப்பிக்கொட்டைக் கலரில் நின்றது.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இது மூணாவதா அண்ணி?"