தலையும் தோளும்

ஜனவரி 10, 2024, புதன்

விலை மதிப்பிட பார்மாவில் ஒரு வீடு வந்திருக்கிறது. க்ளீவ்லண்டுக்குத் தெற்கே, 1954இல் கட்டிய ஒரே தள வீடு. எஃப்எச்ஏ கடன், அதாவது அரசு காப்பீடு தரும் வீட்டுக் கடன். அந்தப் பெயரைப் பார்த்ததுமே ஏணியைக் காரில் ஏற்றிவிடுவேன். மற்ற பெரும்பாலான கடன்களில் அட்டிக் விஷயத்தில் இவ்வளவு கறார் கிடையாது.

அட்டிக்கைப் பரண் என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பரண் என்றால் அம்மாவின் பித்தளை அண்டாவும் கொலுப் பொம்மைப் பெட்டியும்தான் கண்ணில் வருகின்றன. இதுவோ கூரைச் சட்டங்களுக்கும் அறையின் மேற்பலகைக்கும் நடுவே கிடக்கும் இருட்டு. அட்டிக்காகவே இருக்கட்டும்.

விற்பவரின் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். கரண்ட், தண்ணீர், கேஸ் மூன்றும் ஓட வேண்டும். அட்டிக் திறப்புக்குக் கீழே இடம் காலியாக இருக்க வேண்டும். சரி சரி என்றார். அந்த இரண்டாவது ‘சரி’யில் எனக்கு எப்போதும் நம்பிக்கை இல்லை.

ஜனவரி 12, வெள்ளி

நினைத்தது நடந்தது. திறப்பு பின்பக்கப் படுக்கையறையின் க்ளோசெட்டுக்குள், துணிமணி வைக்கும் சிற்றறை. தரையிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். மேலே பார்த்தால், பலகையும் சட்டமும் ஒன்றாகும்படி எத்தனையோ முறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பல வருஷமாக யாரும் திறந்ததில்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்தைந்தாவது இருக்கும். தானே பெட்டிகளைத் தூக்க வந்துவிட்டார். வேண்டாம் என்று உட்கார வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. நானே நகர்த்தியிருக்கலாம், பத்து நிமிட வேலைதான். எஃப்எச்ஏ விதிப்படி நான் சாமான்களை நகர்த்தத் தேவையில்லை, குளிர் தடுக்கப் பரப்பிய இன்சுலேஷனைக் கிளறத் தேவையில்லை, எதையும் வெட்டித் திறக்கவும் தேவையில்லை. புதிதில் இதைச் சோம்பேறிகளுக்கான சலுகை என்று நினைத்தேன். ஒருமுறை ஒரு பழைய வீட்டில் சாம்பலும் பொன்னுமாகப் பளபளக்கும் சிறு கல் போன்ற இன்சுலேஷனைக் கையால் தள்ளப் போனபோது, கூட இருந்த மூத்தவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். வெர்மிகுலைட். இந்நாட்டில் விற்றதில் பெரும்பகுதி மொன்டானாவின் லிப்பி சுரங்கத்திலிருந்து வந்தது; அங்கே அதோடு நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருந்தது. சுரங்கம் 1990இல் மூடப்பட்டது, சரக்கு இன்னும் வீடுகளின் தலைக்கு மேல் கிடக்கிறது. அன்றிலிருந்து அந்த விதியைக் குறை சொல்வதில்லை.

குளியலறைக்கு வெளியே, நடையின் மேற்பலகையில் தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கலும் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறையும் ஒரே நாளில். வெளியே எலும்பு நடுங்கும் குளிர். பால் பொங்கியது அடுப்படி ஜன்னல் ஓரத்தில்.

சாப்பிட வந்த தம்பி ஒருவர் எஃப்எச்ஏவில்தான் வீடு பார்க்கிறாராம். “ஏண்ணே, விலை சொல்ல வர்றவங்க எதுக்குக் கூரைக்குள்ள தலைய விடணும்?” என்றார். கிரெடிட் ஸ்கோர் 580 இருந்தால் 3.5 சதவீதம் முன்பணத்தில் வீடு கிடைக்கிறது. கையிருப்பை அதில் போட்டுவிட்டு வருகிறவருக்கு முதல் குளிர்காலத்திலேயே கூரை ஒழுகினால் தவணைதான் நிற்கும். கடன் கொடுத்தவருக்கு அரசு காப்பீடு இருக்கிறது, நஷ்டம் அங்கே போய்ச் சேரும். அதனால்தான் பார்க்கச் சொல்கிறார்கள் என்றேன். “அப்ப திறப்பே இல்லாத வீடுன்னா?” நல்ல கேள்வி. வழியே இல்லையென்றால், வழி இல்லை என்று அறிக்கையில் எழுதினால் போதும். வழி இருந்து அடைபட்டிருந்தால் அப்படி எழுத முடியாது. இரண்டையும் ஒன்றாக்கி ‘பார்க்க இயலவில்லை’ என்று முடித்துவிடுகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு.

ஜனவரி 16, செவ்வாய்

கடன் தரும் இடத்தில் பேசினேன். இரண்டே வழி: மறுபடி ஒரு நாள் குறித்து நான் போவது, அல்லது தகுதியுள்ள வேறொருவர் பார்த்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு அறிக்கையை முடிப்பது. அந்தப் பக்கம் இருந்த பெண், ‘குறை எதுவும் தென்படவில்லை’ என்று எழுதக்கூடாதா என்று மெதுவாகக் கேட்டார். பார்க்காத இடத்தில் எது தென்படும்? மறுபடி போவது என்று முடிவானது. இரண்டாவது பயணத்துக்கு யார் கட்டணம் தருவது என்பதற்கு மட்டும் நான்கு மின்னஞ்சல்.

ஜனவரி 18, வியாழன்

க்ளோசெட் காலி. ஏஜென்ட் கத்தியால் பெயின்ட்டைக் கீறிப் பலகையை விடுவித்து வைத்திருந்தார். திறப்பு குறுகல், என் உடம்பு முழுதாகப் போகாது. அதற்கும் விதியில் இடம் உண்டு: தலையும் தோளும் உள்ளே போனால் போதும்.

டார்ச்சை அடித்ததும் கூரைப் பலகையின் அடியில் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் புள்ளிகள் மின்னின. கூரையில் அடித்த ஆணிகளின் முனைகள், ஒவ்வொன்றிலும் உறைபனி. குளியலறை மின்விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகவேண்டியது, கழன்று இன்சுலேஷன் மேல் படுத்துக் கிடந்தது. குளிக்கும் ஆவியெல்லாம் இங்கே ஏறி, குளிர்ந்த இரும்பில் உறைந்து, வெயில் வந்தால் உருகிச் சொட்டும். நடையில் கண்ட கறை நேர் கீழே. ஓடு ஒழுகாமலேயே வீட்டுக்குள் மழை.

ஆனால் இந்தக் காரணத்தை அறிக்கையில் எழுதமாட்டேன், கண்டதை மட்டும்தான். காரணம் சொல்வது என் வேலை இல்லை. கூரைப் பலகையில் படிந்திருந்த கருமையைப் பூஞ்சை என்றுகூட எழுதக்கூடாது.

ஜனவரி 19, வெள்ளி

எழுதியது: கறை, உறைபனி, கழன்ற குழாய், பலகையில் கரும்படிவு, போட்டோக்கள். 1004 என்ற மதிப்பீட்டுப் படிவத்தில் அட்டிக்குக்கு ‘ஸ்கட்டில்’, அதாவது சிறு திறப்பு என்ற கட்டத்தில் டிக். உள்ளே எவ்வளவு தெரிந்தது, எந்த மூலை தெரியவில்லை என்று இரண்டு வரி. கடைசியில் உள்ள நான்கு கட்டங்களில் நான்காவது, அதாவது பரிசோதனைக்கு உட்பட்டது.

ஏஜென்டுக்குக் கோபம். பெட்டிகளை அப்படியே விட்டிருக்கலாம் என்றாராம்.

பிப்ரவரி 2, வெள்ளி

ஒப்பந்ததாரர் பார்த்து, குழாயைக் கூரைக்கு வெளியே இணைத்திருக்கிறார். பலகை உறுதியாக இருக்கிறதாம், துடைத்தால் போதுமாம். சரிபார்க்க இன்று மூன்றாவது முறை ஏறினேன். ஆணிகள் காய்ந்திருந்தன. இறங்கும்போது அந்த அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டிகள் மகன் வீட்டுக்குப் போய்விட்டனவாம். அவற்றில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: கணவரின் வரிக் கணக்குக் காகிதங்கள், 1971இலிருந்து.