மைனஸ் 30-ல் ஒரு பீட்டில்

கோயம்புத்தூர் பீளமேட்டில் அப்பாவுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. ஓய்ந்த நேரத்தில் தெரிந்தவர்களின் புல்லட்டையும் பிரித்துப் பார்ப்பார். சித்திரை வெயிலில் யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின் தகடுகளுக்கு நடுவே அப்பியிருக்கும் மண்ணையும் ஆயில் பிசுக்கையும் முதலில் என்னைச் சுரண்டச் சொல்வார். "காத்து படோணும் கண்ணு. படலீன்னா என்ஜின் வெந்துபோகும்." காற்றில் குளிரும் என்ஜினைப் பற்றி நான் கற்றது அதுதான். எப்பாடுபட்டாவது சூட்டை இறக்க வேண்டும்.

1986 செப்டம்பரில் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் படிக்க கனடாவின் வின்னிபெக் வந்தேன். அடுத்த வருடம் மனைவி வந்தாள். முதல் குளிர்காலத்தை பஸ்ஸிலேயே ஓட்டிவிட்ட எனக்கு, மைனஸ் 25-ல் அவளையும் பஸ் ஸ்டாப்பில் நிற்கவைக்க மனசு வரவில்லை. கையிலிருந்த காசுக்குக் கிடைத்தது 1974 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 550 டாலர். என்ஜின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது. தண்ணீரே இல்லாத வண்டியில் உறைந்துபோக என்ன இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் வாங்கினேன்.

வின்னிபெக்கில் கார் நிறுத்துமிடங்களில் வரிசையாகக் கம்பம் நட்டு, அதில் மின்சார பிளக் வைத்திருப்பார்கள். கார்களின் மூக்கிலிருந்து ஒரு வயர் தொங்கும். அதை பிளக்கில் செருகினால் என்ஜினுக்குள் இருக்கும் தண்ணீரை ஒரு ஹீட்டர் இரவெல்லாம் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். என் வண்டியில்தான் தண்ணீர் இல்லையே, எதைச் சூடாக்குவது? அந்த நிம்மதி டிசம்பரோடு போயிற்று.

உறைவதற்குத் தண்ணீர் இல்லாவிட்டாலும் இரண்டரை லிட்டர் ஆயில் இருக்கிறது. கோடைக்கு ஊற்றிய கெட்டி ஆயில் மைனஸ் 30-ல் பனங்கற்கண்டுப் பாகு மாதிரி ஆகிவிடும். குளிரில் பேட்டரியின் வலுவும் பாதிக்கு வந்துவிடும். அந்தப் பாதி வலு, பாகுக்குள் சிக்கிய என்ஜினைச் சுற்ற வேண்டும். கடையில் காந்தத்தால் ஒட்டும் ஹீட்டர் ஒன்று வாங்கிவந்து வண்டிக்கு அடியில் வைத்தேன். ஒட்டவில்லை. பீட்டிலின் என்ஜின் கூடு மெக்னீசியக் கலவை, காந்தத்துக்குப் பிடி கொடுக்காது. அப்புறம் ஆயில் அளக்கும் குச்சிக்குப் பதிலாகச் செருகும் ஹீட்டர் வாங்கினேன். அது சுற்றியிருக்கும் கொஞ்சம் ஆயிலை மட்டும் தீய்த்துவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிட்டது. காலையில் கருகல் வாசனைதான் மிச்சம். கடைசியில் பலன் கொடுத்தவை இரண்டு. மெல்லிய குளிர்கால ஆயிலுக்கு மாறினேன். ராத்திரியில் பின்சீட்டுக்கு அடியிலிருக்கும் பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிவந்தேன். "ஏனுங்க, இதுக்கும் ஒரு பாய் போட்றட்டுங்களா?" என்பாள் மனைவி.

சரி, வண்டி கிளம்பிவிட்டது. சூடேற வேண்டுமே. பெம்பினா ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டினாலும் உள்ளே பல் கிட்டிக்கும். பீட்டிலில் சைலன்சருக்குப் போகும் குழாய்களைச் சுற்றி ஒரு உறை உண்டு. என்ஜின் விசிறி ஊதும் காற்று அதற்குள் புகுந்து, சூடாகி, கதவுக்குக் கீழே ஓடும் வழியாக முன்னால் வந்து கால்மாட்டுக்கும் கண்ணாடிக்கும் போகும். என் வண்டிக்கு வந்ததோ பச்சைக் காற்று. எங்கள் மூச்சே முன்கண்ணாடியின் உட்பக்கம் பனியாகப் படிய, மனைவி பழைய கேசட் உறையால் அதைச் சுரண்டிக்கொண்டே வருவாள். நான் அந்த ஓட்டை வழியாகப் பார்த்து ஓட்டுவேன்.

பின் மூடியில் காற்று நுழையும் இடுக்குகளை அட்டை வைத்து அடைக்கச் சொன்னார் ஒருவர். அது தவறு. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், விசிறி இரண்டுக்கும் காற்று அந்த வழியாகவும் வர வேண்டும். இன்னொருவர் பேச்சைக் கேட்டு ராத்திரி என்ஜின்மேல் ஒரு கம்பளியைப் போர்த்திவைத்தேன். காலையில் மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் நுனியை மனைவி பார்த்திராவிட்டால், விசிறி அதை உள்ளே இழுத்துப் பெல்ட்டோடு சேர்த்துச் சுருட்டியிருக்கும்.

இதையெல்லாம் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிவந்தார். தெற்கு மானிட்டோபாவில் விவசாயம் பார்த்தவர், மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இருபது வருடம் பீட்டில் ஓட்டியவர். பனியில் அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, வலப்பக்க சிலிண்டர்களுக்கு அடியில் ஒரு தகட்டைக் கழற்றினார். எனக்கும் டார்ச் அடித்துக் காட்டினார்.

அங்கே ஒரு பித்தளைத் துருத்தி. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும், ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பாக. அதன் தலையிலிருந்து ஒரு கம்பி மேலே ஏறிப்போய் விசிறிக் கூட்டுக்குள் இருக்கும் சின்னக் கதவுகளைப் பிடித்திருந்தது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது துருத்தி சுருங்கிக் கதவுகளை மூடிவைக்க வேண்டும். அப்போது விசிறிக் காற்று சிலிண்டர்கள்மேல் பாயாது, என்ஜின் சீக்கிரம் சூடேறும். 65, 70 டிகிரி வந்ததும் துருத்தி நீண்டு கம்பியைத் தள்ளும், கதவு திறக்கும். எனக்கு வாய்த்த துருத்தியில் எங்கோ கீறல். கீறல் விழுந்தால் அது நீண்டேதான் நிற்கும். என்ஜின் வெந்துவிடக் கூடாதென்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆக, மைனஸ் 30 காற்று விடிந்ததிலிருந்து என் சிலிண்டர்கள்மேல் தடையில்லாமல் பாய்ந்துகொண்டிருந்தது. நான் வெளியிலிருந்து சூட்டை எப்படிக் கொண்டுவருவது என்று அலைந்துகொண்டிருந்தேன். என்ஜினுக்குச் சொந்தச் சூடே தாராளம், அதை ஓடவிடாமல் பிடித்துவைக்கக் கதவுதான் இல்லை.

பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் ஒரு நல்ல துருத்தி கிடைத்தது. மாட்டிய மறுநாள், பெம்பினாவில் பாதி வழியிலேயே கண்ணாடியின் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பனி விலகியது. மனைவி கேசட் உறையை மடியில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெரியவர் சொல்லித்தந்தது அதோடு முடியவில்லை. வந்த முதல் நாளே சைலன்சர் உறையைத் தட்டிப் பார்த்துத் துரு அரித்திருக்கிறதா என்று சோதித்தார். அங்கே ஓட்டை விழுந்தால் சூட்டோடு புகையும் காருக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காரில் போனாலே தலை வலிக்கிறதென்று யாராவது சொன்னால் உடனே ஜன்னலை இறக்கு, ஹீட்டரை மூடு, அப்புறம் வண்டிக்கு அடியில் பார் என்றார். குளிர் தாங்காமல் இதை அலட்சியம் செய்துவிடாதீர்கள் என்று பிற்பாடு படிக்க வந்த நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் வெண்ணெய் திரண்டதுபோல் வெளிறிய மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கும். அது ஆயிலில் கலந்த ஈரம். தினமும் கொஞ்ச தூரமே ஓடினால் அந்த ஈரம் ஆவியாகிப் போக நேரம் கிடைக்காது. அதற்காகவே ஞாயிறுதோறும் ஊரைச் சுற்றியிருக்கும் பெரிமீட்டர் ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். நிற்கவைத்து உறுமவிட்டுச் சூடேற்றாதே, ஒரு நிமிடம் ஓடவிட்டு மெதுவாகக் கிளம்பு, பாரம் ஏறினால்தான் சூடேறும் என்பார். மார்ச்சில் பனி இளகும்போது வேறு ஒரு தொல்லை. கார்புரேட்டருக்குக் கீழே வெள்ளையாக உறைபனி பூத்து என்ஜின் திக்கும். மைனஸ் 30-ன் வறண்ட காற்றில் வராதது, பூஜ்யத்தை ஒட்டிய ஈரக்காற்றில் வரும். கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் இன்டேக் குழாயைச் சூடாக்க அதை ஒட்டியே ஒரு மெல்லிய சைலன்சர் குழாய் ஓடுகிறது. அது கரியால் அடைத்திருந்தது. பழைய கேபிள் ஒன்றை டிரில்லில் மாட்டிக் குடைந்து எடுத்தோம். 1963-லேயே அண்டார்டிகாவில், ஆஸ்திரேலியர்களின் மாசன் நிலையத்தில், சிவப்பு பீட்டில் ஒன்று ஓடியதாக அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. நூலகத்தில் படம் பார்த்தபிறகு நம்பினேன்.

நடந்ததையெல்லாம் அப்பாவுக்கு எழுதினேன். சூட்டை இறக்கத்தான் ஃபின், அதற்குப் போய்க் கதவா என்று பதில் வந்தது. 1990 ஜனவரியில் நேரிலேயே வந்தார். அன்று மைனஸ் 22. மங்கி குல்லாய், என்னுடைய பார்க்கா கோட்டு, இரண்டு ஜோடி சாக்ஸ். கராஜ் கதவை முழுக்கத் திறந்துவைத்து, தகட்டைக் கழற்றி, அப்பாவுக்கு அட்டை விரித்துக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். டார்ச்சோடு அடியில் படுத்திருந்தார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. குளிர் ஏறிவிட்டதோ என்று பயந்து குனிந்தேன். டார்ச் ஒளி அந்தத் துருத்தியைவிட்டு நகரவில்லை. அது ஒரு விரற்கடை நீண்டு, கம்பி மேலே ஏறியிருந்தது.

"வெளிய வாங்கப்பா, போதும்."

"இரு கண்ணு. நிறுத்தி ஆற வெச்சு மறுக்கா ஸ்டார்ட் பண்ணு. ஆரம்பத்துல சரியாப் பாக்கல."