தண்ணீர்மலையில் நிறைவேறிய நேர்த்திக்கடன்

என் மகள் தலைப்பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த இரவில், தாயும் பிள்ளையும் பிழைத்தால் அந்தப் பிள்ளைக்கு 18 வயது நிரம்பும்போது மலேசியாவின் பினாங்குத் தண்ணீர்மலையில் குடிகொண்ட முருகனாகிய தண்ணீர்மலையானுக்குப் பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று மருத்துவமனை வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டேன். அந்தப் பிள்ளைதான் இந்தத் தைப்பூசத்தில் மஞ்சள் சேலை உடுத்தி, விரதத்தால் சற்றே மெலிந்த முகத்தோடு, தலையில் குடம் ஏந்தி எனக்கு முன்னால் நடந்தாள். அவள் பின்னால் ஊன்றுகோலோடு நடக்கும் ஆயுளை எனக்குக் கொடுத்தவனும் அவனே.

புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து பாலத்தைக் கடந்து நாங்கள் முதல் நாளே பினாங்குத் தீவுக்குச் சென்றுவிட்டோம். பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து நாட்டுக்கோட்டை நகரத்தார் முருகனை எழுந்தருளச் செய்யும் வெள்ளி ரதத்தை வழியில் நின்று தரிசிக்காமல் மலையேறுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. 1894-ஆம் ஆண்டிலிருந்து ஓடும் ரதம் அது. என் பாட்டியும் அதைத்தான் கும்பிட்டார். ரதம் வரும் பாதையில் சீனக் குடும்பங்கள் தேங்காய்களை மலைபோல் குவித்து வைத்து உடைக்கும் பக்தியைப் பார்க்கும்போது இன்றும் கண் கலங்குகிறது.

மனத்தை வருத்தியவையும் உண்டு. அடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளிக் காலி இடத்தில் கயிறு கட்டிக்கொண்டு, கார் நிறுத்த வாய்க்கு வந்த தொகையைக் கேட்டார்கள். சில தண்ணீர்ப் பந்தல்களில் சினிமாப் பாட்டை அலறவிட்டதால், பக்கத்தில் காவடி எடுப்பவருக்காகப் பாடிய முருகன் பாட்டு காதில் விழவே இல்லை. மோரும் பானகமும் வழங்கிய கைகள் வாழ்க. ஒலிபெருக்கியை மட்டும் அவர்கள் அடக்கி வைக்க வேண்டும்.

நான் இளமையில் பால்குடம் எடுத்தபோது கோவில் இன்னும் கீழே இருந்தது. 2012-இல் குடமுழுக்குக் கண்ட இப்போதைய கோவிலுக்கு 513 படிகள் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் உட்கார்ந்து எழ, பேத்தி குடத்தை இறக்காமல் நின்று திரும்பிப் பார்த்தாள். "நீ போம்மா, சாமி என்னைக் கூட்டிக்கொண்டு வருவார்" என்று அவளை மகளோடு அனுப்பிவிட்டுப் படியோரம் அமர்ந்தேன். அலகு குத்திய பிள்ளைகளும், உறுமிச் சத்தத்துக்கு ஆடியபடியே காவடியைச் சுமந்து ஏறிய வாலிபர்களும் என்னைக் கடந்து போனார்கள். அவர்களுடைய கெண்டைக்கால்களில் வழிந்த வியர்வையையும், தோளில் காவடி அழுத்திய இடத்தில் பதிந்திருந்த சிவந்த தழும்பையும் அருகிலிருந்து பார்த்தபோது, எனக்கும் இப்படியொரு உடம்பு இருந்ததே, அதை ஆண்டவன் எவ்வளவு தாராளமாகக் கொடுத்திருந்தான் என்று மனம் நெகிழ்ந்தது. அது போய்விட்டதே என்ற ஏக்கம் துளியும் எழவில்லை. அந்த வயதில் நான் இந்தப் படிகளில் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. சந்நிதியை அடைவது ஒன்றே குறியாக ஏறினேன், சந்நிதியை அடைந்ததும் வேலை, திருமணம், குழந்தை, வீடு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு இறங்கினேன். இப்போது கால்கள் தயங்குவதால்தான், ஏறுகிற ஒவ்வொரு பிள்ளைக்காகவும் வேண்டிக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது பேத்தி எனக்காகக் காத்திருந்தாள். பின்னாலிருந்து நெருக்கிய கூட்டத்தில் ஓர் இளைஞர், "பாட்டிக்கு வழி விடுங்கள்" என்று கையை விரித்துத் தடுத்து எங்களை முன்னே நிறுத்தினார். அவர் யாரென்று தெரியாது, நன்றாக இருக்கட்டும். குருக்கள் குடத்தை வாங்கிப் பாலைச் சொரிந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அரச போகத்தை உதறிவிட்டு, கோவணமும் தண்டமுமாய் மலையேறி நின்ற அந்தப் பாலகன் கையிலும் கோல், 68 வயதில் அவன் எதிரே நிற்கும் என் கையிலும் கோல். ஒன்றும் வேண்டாம் என்று அவன் இளமையிலேயே நின்ற இடத்துக்கு என்னை இத்தனை ஆண்டுகள் கைப்பிடித்து நடத்தி வந்திருக்கிறான் என்று தோன்றிய அந்தக் கணத்தில், கேட்பதற்காக மனத்தில் வைத்திருந்த முழங்கால் வலிகூட நினைவுக்கு வரவில்லை. முருகா, முருகா என்று மட்டுமே நா குழறியது. அழுதேன். பேத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தீபாராதனை எப்போது முடிந்தது, விபூதியை யார் கையில் இட்டார், எந்த வழியாக வெளியே வந்தோம் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை.

அன்னதானத்தில் அமர்ந்தபோது, சந்நிதியில் என்ன வேண்டிக்கொண்டாள் என்று பேத்தியிடம் நான் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்பதற்கு நிறைய இருக்கும். கேட்கிற வயது அவளுக்கு. தண்ணீர்மலையானே, என் காலத்தில் எனக்குச் செவிசாய்த்ததுபோலவே அவளுக்கும் செவிசாய். அவள் கேட்டதையெல்லாம் கொடு அப்பா.