ஏழாவது வளைவில் வண்டியைத் திருப்பாமல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குட்டியானையில் மளிகைச் சாமான் ஏற்றிப்போவது என் வேலை. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஏழாவது வளைவில் சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது. ஆள்மேல் ஏற்றிவிட்டோமோ? திருப்பிப் போய்ப் பார்த்தேன், கல். கிளம்பியதும் இன்னொரு நினைப்பு: பள்ளத்தில் உருண்டிருந்தால்? மறுபடியும் திரும்பினேன். மேலே போய்ச் சேர அன்றைக்கு நாலு மணி நேரம்.

அப்புறம் தினமும் இதே கதைதான். ராத்திரி டார்ச் அடித்து பம்பரில் ரத்தக்கறை தேடுவேன். "யாரையாவது இடிச்சிருப்பேனா?" என்று மனைவியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். "ஒண்ணும் ஆகலைங்க" என்பாள். பத்து நிமிஷம் நிம்மதி.

முதலில் பார்த்த டாக்டர் தூக்கமாத்திரை கொடுத்தார். ஒரு வருஷம் வீணாய்ப் போனது. பிறகு போன மனநல மருத்துவர்தான் இது ஓசிடி, எண்ணச் சுழற்சி நோய் என்றார். அதற்கான மாத்திரை எழுதி, நடத்தைச் சிகிச்சைக்கு ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார்.

"திரும்பிப் பார்த்ததும் ஒரு நிம்மதி வருதில்ல, அதுதான் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி" என்றார் அந்த அம்மா. பயத்தை வரவிட வேண்டும், சரிபார்க்கப் போகக் கூடாது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இந்த வழியில் இரண்டு நோயாளிகளைத் தேறவைத்ததாக எழுதினாராம். இன்றைக்கும் ஓசிடிக்கு முதலில் சொல்லும் சிகிச்சைகளில் இது ஒன்று.

பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டோம். எங்கள் தெரு வேகத்தடை 30. மழை ராத்திரியில் மலைப்பாதை 100. சின்னதில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏறினோம். ஓட்டுவதற்கு வேண்டிய அளவு கண்ணாடி பார்க்கலாம், ஆள் கிடக்கிறாரா என்று பார்க்கக் கூடாது. எட்டாவது வாரம் ஏழாவது வளைவைத் திரும்பாமல் கடந்தேன். உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. அப்போது 90. பதினான்காவது வளைவில் 60. ஏரி கண்ணில் பட்டபோது 35. திரும்பிப் பார்க்காமலே பயம் இறங்கும் என்று என் உடம்புக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைவிடக் கஷ்டம் வீட்டில். என் கேள்விக்கு இனிப் பதில் சொல்லக் கூடாது என்று மனைவியிடமும் சொல்லியிருந்தார்கள். "இது நோய் கேக்குற கேள்விங்க, நான் பதில் சொல்லமாட்டேன்" என்றாள். அன்றைக்குக் கத்தித் தீர்த்துவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள், ஆனாலும் சொல்லவில்லை. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அன்பில் சொல்லும் ஆறுதலும் நோய்க்குத் தீனியாகிவிடும். சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உளவியலாளரோடு, நோயாளியையும் வைத்துப் பேசிவிட்டுச் செய்யுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை. நினைப்பும் வராமல் இல்லை. போன வாரம் பனிமூட்டத்தில் பின்சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். நேராக மேலே போய்ச் சரக்கை இறக்கினேன். அது என்ன சத்தமென்று இதுவரை தெரியாது.