கூடைக்குள் காய்க்கும் திராட்சை

"கொடி எங்கே?" என்று கேட்டேன். வழிகாட்டிப் பெண் என் காலடியைக் காட்டினார்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவள் நான். எனக்குத் திராட்சை என்றால் தலைக்கு மேல் பந்தல். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியை ஏற்றிவிட்டால் கொத்துகள் கீழே தொங்கும். அண்ணாந்து பார்த்தே பறித்துப் பழக்கம். கிரேக்கத்தின் சான்டோரினித் தீவில் வேனை விட்டு இறங்கிய இடத்திலோ பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. சாம்பல் நிறத் தரையில் ஆங்காங்கே பச்சைப் புதர்கள் குந்தியிருந்தன. அவைதான் திராட்சைக் கொடிகள்.

ஆகஸ்ட் கடைசி வாரம். காலையில் ஃபிரா நகரிலிருந்து எட்டுப் பேராகக் கிளம்பியிருந்தோம். கூட்டம் சின்னதாக இருந்தது நல்லதாயிற்று. பெரிய பேருந்து நுழைய முடியாத தோட்டத்து மண்பாதைக்குள் எங்கள் வேன் போனது. எவ்வளவு நேரம் மண்ணில் உட்கார்ந்திருந்தாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை.

மண்டியிட்டு இலைகளை விலக்கிப் பார்த்தேன். கொடியை வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஒரு கூடையாகவே பின்னியிருக்கிறார்கள். கூலூரா என்று பெயர். கொத்துகள் அந்தக் கூடைக்கு உள்ளே, நிழலில், முட்டைகளைப் போலப் பத்திரமாக இருந்தன. இந்தத் தீவில் கோடை முழுக்க வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கிறது. நின்றிருந்தபோது என் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு போகப் பார்த்த காற்று, குனிந்து கைவிட்ட கூடைக்குள் எட்டவே இல்லை. பந்தலில் ஏற்றினால் பூவும் பிஞ்சும் ஒரு நாள் தாங்காது. கவாத்து முடித்து, ஒவ்வொரு குளிர்காலமும் கையாலேயே பின்னுகிறார்கள். இதற்கு இயந்திரம் கிடையாது.

மண்ணை மண் என்று சொல்லவே தயங்கினேன். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுக்குள் அமிழ்ந்துபோயிற்று. மிஞ்சிய நிலத்தின் மேல் சாம்பலும் நுரைக்கல்லும் கொட்டிக் கிடக்கின்றன. கைப்பிடி அளவு நுரைக்கல் ஒன்றை எடுத்தேன். காய்ந்த பீர்க்கங்கூட்டைத் தூக்குவது போல இருந்தது. வழிகாட்டி தன் பாட்டிலிலிருந்து அதன் மேல் தண்ணீர் விட்டார். வழியவே இல்லை, கல் குடித்துவிட்டது. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத ஊர், அதுவும் குளிர்காலத்தில்தான். கோடையில் இரவு நேரக் கடல் ஈரத்தை இந்தக் கற்கள் உறிஞ்சி வைத்துக்கொள்ள, கொடி அதைக் கொண்டு பிழைக்கிறது.

இதே மண்தான் இன்னொன்றிலிருந்தும் காப்பாற்றியது. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்சீரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, களிமண் இல்லாத இந்தச் சாம்பலில் அதனால் பிழைக்க முடியவில்லை. மற்ற ஊர்களில் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் கொடியை மீட்டார்கள். இங்கே இன்றும் சொந்த வேர். கூடை முதிர்ந்து காய்ப்பு குறைந்ததும் மேல்பகுதியை வெட்டிவிடுகிறார்கள். பழைய வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கிறது. ஒரு வேர் நாலைந்து தலைமுறை விவசாயிகளைப் பார்த்திருக்கும். அதை அறிந்தபின் அந்தப் புதர்களின் மேல் கால் பட்டுவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து நடந்தேன்.

மெகலோகோரி கிராமத்தில் நுரைக்கல் பாறையைக் குடைந்த பழைய நிலவறை ஒன்றைப் பார்த்தோம். இவற்றைக் கனாவா என்கிறார்கள். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி. அங்கே அசிர்ட்டிகோ திராட்சையின் வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். நான் அதிகம் குடிப்பவள் இல்லை, ஒரு மிடறுதான். எலுமிச்சைப் புளிப்பு முதலில் வந்தது, விழுங்கிய பிறகு நாக்கில் உப்பு நின்றது. கூடவே ஃபாவா. வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்த மஞ்சள் பருப்பு மசியல். சோறு மட்டும் இருந்திருந்தால் எங்கள் வீட்டு மதியச் சாப்பாடுதான்.

வெளியே ஒரு திறந்த வெளியில் கொத்துகளை வெயிலில் பரப்பியிருந்தார்கள், மாடியில் வற்றல் காயப்போட்டது போல. இரண்டு வாரம் வரை காய்ந்து சுருங்கிய பழத்தைப் பிழிந்து, மரப்பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்தால் வின்சாந்தோ என்ற இனிப்பு ஒயின். ஒரு காலத்தில் ரஷ்யத் தேவாலயங்களின் வழிபாட்டுக்குக் கப்பலேறியது இதுதான். பாதி காய்ந்த பழம் ஒன்றை வாயில் போட்டேன். வெல்லப்பாகு.

பிர்கோஸ் ஊர் உச்சியிலிருந்து தீவு முழுக்கத் தெரிந்தது. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். என் கண் தோட்டங்களுக்கு நடுவே எழும்பிக்கொண்டிருந்த கான்கிரீட் தூண்களிலேயே நின்றது. தங்கும் விடுதி வருகிறதாம், நீச்சல்குளத்தோடு. பந்தலைப் பிரித்து மனை போட்ட தோட்டங்களை எங்கள் பக்கமும் பார்த்திருக்கிறேன். ஆனால் பந்தலைத் திரும்பப் போட்டுவிடலாம். அத்தனை வயதான வேரைப் பிடுங்கிய பிறகு யாரால் நட முடியும்? இங்கே வருகிறவர்கள் ஒரு வேளையாவது இந்தத் தோட்டங்களுக்குள் வர வேண்டும். கொடியால் வருமானம் வந்தால்தானே விவசாயி கொடியை விடாமல் இருப்பார்.

கடைசியாகக் கிழக்குக் கரைக்கு இறங்கினோம். கறுப்பு மணல் கடற்கரையை ஒட்டியே ஒரு தோட்டம். மாலை ஆறு மணி, ஊரில் எட்டரை. அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போட்டு, ஒரு கூடையின் பக்கத்தில் போனைப் பிடித்தேன்.

"என்னம்மா, கொடி தரையில கெடக்கு? சாஞ்சு போச்சா?"

"இல்லப்பா, இப்படித்தான் வளக்குறாங்க. காத்துக்காக."

"தண்ணி எப்பிடி விடுறாக?"

"விடுறதே இல்லப்பா. ராத்திரி ஈரம்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தட்டை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"போனை இன்னும் கிட்டக்கக் கொண்டு போம்மா. வேர்ப்பக்கத்தைக் காட்டு."